பாட்டாவின் விசாரணை நோட்டு

பாட்டா இறந்து முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. அவருடைய தகரப் பெட்டி போன மழைக்காலத்தில்தான் என் கைக்கு வந்தது. ஓடு மாற்றுவதற்காகப் பரணில் கிடந்ததையெல்லாம் இறக்கினோம். அத்தை பெட்டியைத் துடைத்துவிட்டு, "இத நீ கொண்டு போ மக்களே, இங்க கெடந்தா கறையான் அரிச்சிரும்" என்றாள். உள்ளே ஒரு வேதாகமம், ஒரு கீர்த்தனைப் புத்தகம், ரப்பர் ஷீட் விற்ற இரண்டு சீட்டு, அப்புறம் நீளவாக்கில் மடித்துத் தைத்த ஒரு கணக்கு நோட்டு.

பாட்டா உபதேசியாராக இருந்தவர். குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன சபை. ஐயர் (எங்கள் சபைகளில் போதகரை அப்படித்தான் சொல்வோம்) மாதத்துக்கு ஒருமுறை வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மணி அடிப்பது, பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லிக்கொடுப்பது, மாலை ஜெபம், வீடு வீடாக ஏறி இறங்குவது எல்லாம் உபதேசியார் பாடு. சம்பளம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. கொஞ்சம் நெல், கொஞ்சம் தேங்காய்.

நோட்டின் அட்டையில் "ஆத்தும விசாரணை" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். உள்ளே 1 முதல் 43 வரை வீட்டு எண்கள். ஒரு பெயர்கூட இல்லை. எண்ணுக்கு எதிரே தேதி, அப்புறம் ஒரு வரி.

"7. மரச்சீனி நட்டிருக்கிறார்கள். விசாரித்தேன்."

"19. மூத்தவள் மாமியார் வீட்டிலிருந்து வந்திருக்கிறாள். ஒன்றும் சொல்லவில்லை. விசாரித்தேன்."

"31. கதவு திறக்கவில்லை. திண்ணையில் இருந்தேன். விசாரித்தேன்."

கதவே திறக்காத வீட்டில் யாரை விசாரித்தார் என்று முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் 1954 ஆகஸ்ட் பக்கத்துக்கு வந்தேன். தெற்குத் திருவிதாங்கூர்த் தமிழ்ப் பகுதிகளைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டு நடந்த போராட்டத்தில், மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது அந்த மாதம் 11-ஆம் தேதி. நோட்டில் 12-ஆம் தேதி மட்டும் பதினாறு வீடு. எந்த வீட்டுக்கு எதிரிலும் குறிப்பு இல்லை. பதினாறு தடவை "விசாரித்தேன்", அவ்வளவுதான்.

இந்த வார்த்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. போலீஸ் ஸ்டேஷனில் நடப்பதும் விசாரணை. ஊருக்குப் போகிறவரிடம் "வீட்டுல எல்லாரையும் விசாரிச்சேன்னு சொல்லு" என்று சொல்லிவிடுவதும் விசாரிப்பு. தமிழ்க் கத்தோலிக்கர்கள் பங்குச் சாமியாரை விசாரணைக் குரு என்று அழைத்த காலம் உண்டு. விசாரம் என்றால் கவலை. திருவண்ணாமலையில் ரமணர் "நான் யார்" என்று தன்னைத் தானே கேட்கச் சொன்னதற்கும் பெயர் ஆத்ம விசாரம்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் போனால், மலையாளத்தில் விசாரம் என்பது வெறும் எண்ணம். விசாரணை என்றால் கோர்ட்டில் நடப்பது. நலம் கேட்டதாகச் சொல்லச் சொல்ல அவர்கள் "அன்வேஷணம் பறயணம்" என்பார்கள். அந்த அன்வேஷணமும் போலீஸ்காரர் செய்வதுதான். நலம் கேட்பதற்கும் குற்றம் துருவுவதற்கும் ஒரே சொல் போதும் என்று இரண்டு மொழிக்காரர்களும் தனித்தனியாக முடிவு செய்திருக்கிறோம்.

ஆன்மாவைக் கவனித்துக்கொள்வது என்ற எண்ணம் எங்கே தொடங்கி எப்படி வந்தது என்று அதற்கப்புறம் சில மாதங்கள் தேடித்தேடிப் படித்தேன். எனக்கு இதில் படிப்பு ஒன்றும் கிடையாது, ரப்பர்காரன். ஆனால் கையில் பாட்டாவின் நோட்டு இருந்ததால், படித்ததையெல்லாம் ஒரே கேள்வியோடு படித்தேன்: யார் யாரை விசாரித்தார்கள்?

கிரேக்கத்தின் பழைய கதைப்பாடல்களில், ஹோமரின் பெயரில் இருப்பவற்றில், ஆன்மாவுக்கு ஒரு வேலையும் இல்லை. ப்சூகே என்ற அந்தச் சொல்லுக்கு ஏறக்குறைய மூச்சு என்றுதான் அர்த்தம். வீரன் செத்து விழும்போது வாய் வழியாகவோ காயத்தின் வழியாகவோ வெளியே போகும்; போய்ப் பாதாளத்தில் நிழலாக அலையும். நாம் "உயிர் போச்சு" என்கிறோமே, அந்த உயிர். போகும்போது மட்டும் தெரிகிற ஒன்றை இருக்கும்போதே யார் கவனிப்பார்கள்?

அதை இருக்கும்போதே கவனிக்கச் சொல்லித் தெருவில் இறங்கியவர் சாக்ரடீஸ். கி.மு. 399-இல், எழுபது வயதில், ஏதென்ஸ் கோர்ட்டில் நின்று அவர் பேசியதாக அவர் மாணவர் பிளேட்டோ எழுதிவைத்திருக்கிறார். பணத்தையும் பேரையும் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறீர்களே, ஆன்மா நல்லபடியாக இருக்கிறதா என்று கவலைப்படுகிறீர்களா என்பதுதான் அவர் ஊராரிடம் கேட்டுக்கொண்டு திரிந்த கேள்வி. அவர் பிரசங்கம் செய்யவில்லை. வழியில் கண்டவரை நிறுத்தி விசாரித்தார். அதற்காக ஊர் அவரை விசாரித்து விஷம் கொடுத்தது. பார்த்தீர்களா, தொடக்கத்திலேயே இரண்டு விசாரணையும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன.

அந்தப் பேச்சில் அதிகம் பேர் எடுத்துச் சொல்லாத ஒரு இடம் உண்டு. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, ஒரு தகப்பனைப் போல, ஒரு அண்ணனைப் போலப் போய் நான் இதைச் செய்தேன் என்கிறார். அதே மூச்சில், இத்தனை வருஷமாக என் சொந்த வீடு கவனிப்பாரில்லாமல் கிடந்ததையும் பொறுத்துக்கொண்டேன் என்கிறார். அதைத் தன் நேர்மைக்குச் சாட்சியாகத்தான் சொல்கிறார். எனக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள் நினைவுக்கு வந்தார்கள். கடைசி நாளில் சிறையில் அவர் மனைவி அழுதபோது, அவளை யாராவது வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டு, அவர் நண்பர்களோடு ஆன்மாவின் அழியாமையைப் பற்றிப் பேச உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் ஊர்ப்பக்கம் இந்தக் கதை கல்லில் இருக்கிறது. சிதறால் மலை எங்கள் வீட்டிலிருந்து பைக்கில் அரை மணி நேரம். கல் பாவிய பாதை. இரண்டு பக்கமும் கொல்லா மரங்கள். உச்சியில், ஒரு பெரிய பாறை இன்னொரு பாறைமேல் சாய்ந்து நிற்கிற இடத்தில், சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். திருச்சாரணத்துமலை என்பது பழைய பெயர். ஒன்பதாம் நூற்றாண்டு ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டு அங்கே உண்டு. பிற்காலத்தில் அது பகவதி கோயிலாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போனபோது, இவர்கள் யார் சார் என்று ஒருவன் கேட்டதற்கு, "பழைய ரிஷிகள், எறங்கு எறங்கு" என்று பதில் கிடைத்தது. எங்களுக்கும் மேலே குளத்தில் காலை நனைப்பதில்தான் கவனம்.

சமணர்களுக்கு ஆன்மா ஒரு தத்துவச் சொல் மட்டும் அல்ல, கிட்டத்தட்ட ஒரு பொருள் மாதிரி. வினை அதில் தூசியைப் போல வந்து படியும். வந்து சேர்வதை ஊற்று என்றும், வராமல் தடுப்பதைச் செறிப்பு என்றும், ஏற்கெனவே படிந்ததைத் தட்டிவிடுவதை உதிர்ப்பு என்றும் தமிழ்ச் சமணர் பெயர் வைத்தார்கள். ஓட்டைப் படகில் முதலில் ஓட்டையை அடை, அப்புறம் தண்ணீரை இறை என்பது போலத்தான். நாளின் முடிவில், இன்று எந்த உயிருக்கு என்ன தீங்கு செய்தேன் என்று பின்னோக்கி நடந்து பார்ப்பது அவர்களுடைய நித்தியக் கடமை. வருஷத்துக்கு ஒருமுறை எல்லாரிடமும் போய் மன்னிப்புக் கேட்பதும் உண்டு. ஆன்ம கவனிப்பை இவ்வளவு துப்புரவாக, ஒரு தொழிலாளியின் கையோடு யோசித்தவர்களை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

அந்தக் கல்வெட்டுகளில் ஒரு பெயர் வருகிறது: குணந்தாங்கி குரத்திகள். அரிட்டநேமி பட்டாரகரின் மாணாக்கியார்; பகவதிக்குப் பொன்னணி கொடுத்தவர். குரத்தி என்றால் பெண் குரு. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் மலைமேல் ஆன்ம விசாரணை செய்ய ஒரு பெண் இருந்திருக்கிறார். பாட்டாவின் காலத்துச் சபையில் பெண் குரு என்று சொல்லியிருந்தால் பெஞ்சைத் தூக்கி எறிந்திருப்பார்கள்.

சமணத்தைப் பற்றிப் பேசினால் அப்பரை விட முடியாது. தருமசேனர் என்ற பெயரில் சமணப் பள்ளியில் இருந்தவர், சூலை நோய் வந்து துடித்தபோது, அக்கா திலகவதியிடம் திரும்பி வந்தார் என்கிறது பெரியபுராணம். திலகவதிக்கு நிச்சயித்திருந்த கலிப்பகையார் போரில் இறந்துபோனார். உயிரை விடத் துணிந்தவள், தம்பிக்காக இருந்தாள். அவன் வேறு சமயத்துக்குப் போனபிறகும் விளக்கேற்றிக்கொண்டு, மெழுகிக்கொண்டு, திருவதிகையில் காத்திருந்தாள். வந்தவனிடம் "ஏன் போனாய்" என்று அவள் விசாரிக்கவில்லை. திருநீற்றைக் கொடுத்துக் கோயிலுக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

இதைப் படிக்கும்போதுதான் கப்பதோக்கியா நாட்டு மக்ரினா எனக்குத் தெரிய வந்தாள். இப்போதைய துருக்கியில், நாலாம் நூற்றாண்டில். அவளுக்கும் பன்னிரண்டு வயதில் நிச்சயம் செய்த பையன் இறந்துபோனான். அவளும் வேறு கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். தம்பிமார் இரண்டு பேர், பாசிலும் கிரகோரியும், பெரிய ஆயர்கள் ஆனார்கள். 379 வாக்கில் பாசில் இறந்தான். அழுதுகொண்டே அக்காவைப் பார்க்கப் போன கிரகோரி, அவளும் சாகக்கிடப்பதைப் பார்த்தான். படுத்த படுக்கையில் இருந்தபடி அவள்தான் அவனைத் தேற்றி, ஆன்மா என்றால் என்ன, சாவுக்குப் பிறகு என்ன ஆகும் என்று அவனோடு வாதாடினாள். பின்னால் கிரகோரி அதை எழுதியபோது, அந்த எழுத்தில் அக்காவை 'ஆசிரியை' என்றே அழைத்திருக்கிறான். திலகவதிக்கும் மக்ரினாவுக்கும் நடுவில் கடலும் பாலைவனமும் இரண்டரை நூற்றாண்டும் இருக்கின்றன. இருவரும் ஒரே வீட்டுப் பெண்கள் என்று யாராவது சொன்னால் நான் நம்பிவிடுவேன்.

அப்பர் ஒரு பதிகத்தில் மனத்தை வயலாக்குகிறார். மெய்ம்மையாம் உழவைச் செய்து, விருப்பெனும் வித்தை விதைத்து, பொய்ம்மையாம் களையை வாங்கி, பொறையெனும் நீரைப் பாய்ச்சி என்று போகும். அதில் "தம்மையும் நோக்கிக் கண்டு" என்று ஒரு அடி வரும். வயலுக்கு நீர் விட்டுவிட்டு வரப்பில் நின்று தன்னையும் ஒருமுறை பார்த்துக்கொள்கிற மாதிரி. இதற்கு எழுநூறு வருஷம் முன்பே ரோமாபுரியில் சிசெரோவும் ஆன்மாவை உழ வேண்டிய நிலம் என்றார். கலாச்சாரம் என்பதற்கு ஐரோப்பியர் வைத்திருக்கும் சொல்லே உழவிலிருந்து வந்ததுதான். அவர் அதை எழுதிய வருஷம் கி.மு. 45. அந்த வருஷத் தொடக்கத்தில்தான் பிரசவத்துக்குப் பின் அவர் மகள் துல்லியா இறந்திருந்தாள். உடம்பு நோய்க்கு இத்தனை வைத்தியம் இருக்கிறதே, ஆன்ம நோய்க்கு ஏன் ஒருவரும் தேடவில்லை என்ற அவர் கேள்வி மகளைப் பறிகொடுத்தவரின் கேள்வி.

ரோமர்களில் செனெகாவின் பழக்கம் எனக்குப் பிடித்தது. இரவில் விளக்கை எடுத்தபிறகு, அன்று சொன்னது, செய்தது எல்லாவற்றையும் தனக்குத் தானே விசாரிப்பாராம். கோபத்தைப் பற்றிய நூலில் அதை எழுதும்போது, என் பழக்கம் தெரிந்த மனைவி அப்போது பேசாமல் இருந்துவிடுவாள் என்று போகிற போக்கில் சொல்கிறார். பக்கத்தில் படுத்துக்கொண்டு பேசாமல் இருந்தவளுக்கு அன்றைய நாள் எப்படிப் போயிற்றோ.

சரி, என் கதைக்கு வருகிறேன். அப்பா 2019-இல் போனார். காரியமெல்லாம் முடிந்து மூன்று மாதம் கழித்துத்தான் எனக்கு ஆரம்பித்தது. விடியற்காலையில் பால்வெட்டு, எட்டு ஒன்பது மணிக்குப் பால் எடுத்து, உறைய ஊற்றிவிட்டால் பத்து மணிக்கு வேலை ஓய்ந்துவிடும். அதற்கப்புறம் திண்ணையில் உட்கார்ந்தால் வெயில் நகராது. ரோட்டில் யாராவது வருகிறார்களா என்று பார்ப்பேன். வந்தால் உள்ளே போய்விடுவேன். எங்கள் பக்கத்தில் வெப்ராளம் என்பார்கள். நெஞ்சுக்குள் ஒரு தவிப்பு, இருக்கவும் விடாது எழுந்திருக்கவும் விடாது.

அந்த நிலையை எகிப்துப் பாலைவனத்தில் இருந்த எவாக்ரியுஸ் என்ற துறவி ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்பே எழுதிவிட்டார் என்று தெரிந்தபோது எனக்குச் சிலிர்த்தது. கப்பதோக்கியாவுக்குப் பக்கத்தில் பொந்து என்று ஒரு நாடு; மக்ரினா வாழ்ந்ததும் அங்கேதான். அந்த நாட்டுக்காரர், 399-இல் இறந்தார். ஆன்மாவைத் தொந்தரவு செய்யும் எண்ணங்கள் எட்டு என்று வகுத்து, அதில் மோசமானது நண்பகல் பேய் என்றார். காலை பத்து மணி சுமாருக்கு வரும், பிற்பகல் இரண்டு வரை விடாது. சூரியன் நின்றுவிட்டதோ என்று தோன்றும். துறவி ஜன்னலை ஜன்னலைப் பார்ப்பான். இருக்கும் இடம் பிடிக்காது, செய்யும் கைவேலை பிடிக்காது. அன்பு என்பதே அற்றுப்போயிற்று, ஆறுதல் சொல்ல ஒருவரும் இல்லை என்று தோன்றும். பேய் என்று அவர் பெயர் வைத்ததைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. நேரத்தைக்கூடச் சரியாகச் சொல்லியிருக்கிறார்.

பாலைவனத்தில் அதற்கு மருந்து, மனதில் ஓடுவதை ஒரு மூத்தவரிடம் போய்ச் சொல்வது. மூத்தவர் பெரும்பாலும் ஒன்றிரண்டு வார்த்தைதான் பேசுவார். இருநூறு வருஷம் கழித்து, 590-இல் போப் ஆன வேறொரு கிரகோரி, மேய்ப்பர்களுக்கு எழுதிய கையேட்டில், ஆன்மாக்களை நடத்துவதே கலைகளுக்கெல்லாம் கலை என்றார். ஏழைக்கும் பணக்காரனுக்கும், சந்தோஷத்தில் இருப்பவனுக்கும் துக்கத்தில் இருப்பவனுக்கும் ஒரே பேச்சு உதவாது என்று ஜோடி ஜோடியாக வகைப்படுத்தி எழுதினார். கவனிப்பு அங்கே ஒரு கைத்தொழிலாக ஆயிற்று. லத்தீனில் அதற்குப் பெயர் கூரா. கவலையும் அதுதான், கவனிப்பும் அதுதான், வைத்தியமும் அதுதான். நம்முடைய விசாரம் மாதிரி.

கைத்தொழில் சட்டமானது 1215-இல். ரோமில் கூடிய சங்கம், வயது வந்த ஆண் பெண் எல்லாரும் வருஷத்துக்கு ஒருமுறையாவது தன் சொந்தக் குருவிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று விதித்தது. குரு நல்ல வைத்தியரைப் போலக் காயத்தில் திராட்சரசமும் எண்ணெயும் ஊற்ற வேண்டும், பாவியின் நிலையையும் பாவத்தின் நிலையையும் கவனமாக விசாரிக்க வேண்டும் என்று அந்த விதியிலேயே இருக்கிறது. அடுத்த விதி இன்னும் வேடிக்கை. உடம்பு வைத்தியர் நோயாளியிடம் போனால், முதலில் ஆன்ம வைத்தியரை அழைக்கச் சொல்ல வேண்டும்.

எண்ணெய் ஊற்றச் சொன்ன அந்த விசாரிப்பும், ஆளைக் கட்டிவைத்துக் கேட்ட விசாரணையும் அந்தச் சபையிலிருந்து, அந்த நூற்றாண்டிலேயே வளர்ந்தவை. மத விசாரணை மன்றம் என்று வரலாற்றில் படிக்கிறோமே, அதுவும் ஆன்மாவைக் காப்பாற்றத்தான் என்று சொல்லிக்கொண்டது. கோவாவில் அது 1560-இல் தொடங்கி, நடுவே நாலைந்து வருஷம் நீங்கலாக, 1812 வரை நடந்தது. அதைக் கொண்டுவரச் சொல்லி 1546-இலேயே போர்ச்சுகல் ராஜாவுக்குக் கடிதம் எழுதியவர் பிரான்சிஸ் சவேரியார். எங்கள் கரையோரத்தில் மீனவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அதே சவேரியார். கோட்டாற்றில் அவர் பெயரில் உள்ள கோயில் திருவிழாவுக்கு எங்கள் மாவட்டமே லீவு. இதைச் சொன்னால் சில நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். ஒரே ஆள் இரண்டு விதமாகவும் விசாரித்தார் என்பதை நான் எப்படி மறைப்பது?

தக்கலைக்குப் போனால் வேறொரு வாசல். பீர் முகமது அப்பா தர்கா. தமிழில் ஞானப் பாடல்கள் பாடிய சூஃபி. தறி நெய்தவர் என்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை, ரஜப் மாதத்தில், ராத்திரி முழுக்க அவருடைய ஞானப்புகழ்ச்சியை உட்கார்ந்து பாடுவார்கள். பையனாக இருந்தபோது கூட்டாளியோடு போய், வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். சாதியும் மதமும் பார்க்காமல் நேர்ச்சைச் சோறு கொடுத்தார்கள். சூஃபிகள் ஆன்ம கவனிப்புக்கு வைத்த பெயர்களில் ஒன்று முஹாசபா. கணக்குப் பார்ப்பது என்று அர்த்தம். நாள் முடிவில் கடைக்காரர் கல்லாவை எண்ணுவதைப் போல.

அவர்கள் கொண்டாடும் கஸாலியின் கதையும் என் திண்ணையை நினைவுபடுத்தியது. 1095-இல் பாக்தாத்தின் மிகப் பெரிய கல்விச்சாலையில் ஆசிரியர். ஒரு நாள் பாடம் சொல்ல வாயைத் திறந்தார், நாக்கு எழவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. வைத்தியர்கள் பார்த்துவிட்டு, இது உள்ளத்தில் தொடங்கி உடம்புக்கு இறங்கியது, எங்களால் ஆகாது என்று கைவிட்டார்கள். ஆறு மாதம் இப்படித் தவித்துவிட்டு, குடும்பத்துக்கு வேண்டியதை ஒதுக்கி வைத்துவிட்டு ஊரை விட்டுப் போனார். டமாஸ்கஸ் பள்ளிவாசலின் கோபுரத்தில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாராம். திரும்பிப் பாடம் சொல்லப் பதினோரு வருஷம் ஆனது. குடும்பம் என்ன செய்தது என்று நான் தேடவில்லை. தேடினால் என்ன கிடைக்கும் என்று இந்த இடத்துக்கு வருவதற்குள் தெரிந்துவிட்டது.

பாவமன்னிப்பைச் சீட்டாக விற்றதை எதிர்த்து ஜெர்மனியில் 1517-இல் லுத்தர் கிளம்பியதும், புராட்டஸ்டண்டுச் சபைகள் பிரிந்ததும் பலருக்கும் தெரியும், அதில் நிற்கவில்லை. ஜெர்மானியர் அந்த வேலைக்கு வைத்த பெயர் ஸேல்ஸோர்கெ, ஆன்மக் கவலை. அந்தக் கவலைக்கு ஹாலே என்ற ஊர் ஒரு பெரிய மையமாக இருந்தது. அந்த ஹாலேயோடு தொடர்பு கொண்ட சீகன்பால்குதான் 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கித் தமிழ் படித்தார். நூறு வருஷம் கழித்து, 1806-இல், இன்னொரு ஜெர்மானியரான ரிங்கல்தோபே மயிலாடிக்கு வந்தார். எங்கள் சபைகள் அந்த வழியில் வந்தவை. வேதாகமத்தின் தமிழிலும் இந்தக் கவலை ஊறியிருக்கிறது. "உங்கள் ஆத்துமாக்களுக்கு மேய்ப்பரும் கண்காணியுமானவர்" என்று ஒரு வசனம். கண்காணி என்றால் எங்கள் பக்கத்துக் கிழவர்களுக்குத் தேயிலைத் தோட்டத்துக் கண்காணிதான் ஞாபகம் வரும். அந்த வசனத்தை வாசிக்கும்போது பாட்டா கொஞ்சம் வேகமாக வாசிப்பாராம், அத்தை சொன்னாள்.

அந்தக் காலத் திருவிதாங்கூரில், ஆன்மாவைக் கவனிக்கச் சொன்னால், உடம்பை மூட எங்களுக்கு முதலில் அனுமதி வேண்டியிருந்தது. தோள்சீலைக் கலவரங்களுக்குப் பிறகு 1859-இல்தான் நாடார் பெண்கள் மேலுடம்பை மறைத்துக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்தது. அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. அதற்கு முன்பே சாமித்தோப்பில் ஐயா வைகுண்டர், குனிந்து பழகிய ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். ஐயாவழிப் பதிகளின் பள்ளியறையில் சிலை கிடையாது, கண்ணாடிதான். எல்லைக்கு அந்தப் பக்கத்தில், 1888-இல் அருவிப்புறத்தில் சிவனை நிறுவிய நாராயண குருவும், 1927-இல் களவங்கோட்டில் கண்ணாடியை நிறுவினார். "தம்மையும் நோக்கிக் கண்டு" என்று அப்பர் பாடியதை, தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர்களின் கண்ணுக்கு நேரே ரசம் பூசிய கண்ணாடியாகவே வைத்துவிட்டார்கள்.

அந்த ஹாலேயில்தான் 1808-இல் ரைல் என்ற டாக்டர், மனநோய் மருத்துவத்துக்கு இன்று உலகம் முழுக்க வழங்கும் அந்த சைக்கியாட்ரி என்ற பெயரை உண்டாக்கினார். நேராகப் பிரித்தால் ஆன்ம வைத்தியம். பெயரில் ஆன்மா மிஞ்சியது, ஆஸ்பத்திரியில் அதைப் பற்றிப் பேசுவது மெல்ல நின்றது. ஃப்ராய்டுகூட ஜெர்மனில் ஆன்மா என்ற சொல்லைத்தான் எழுதினார்; மொழிபெயர்த்தவர்கள்தான் மனம் என்று மாற்றிவிட்டார்கள் என்று ஒரு சண்டை உண்டு. மனப்பகுப்பாய்வு செய்பவரை, உலகியல் ஆன்ம மேய்ப்பர் என்று சொல்லலாம் என்று 1927-இல் அவரே எழுதினார். கடவுளை நம்பாத மனிதர், ஐயர் வேலைக்குத்தான் விண்ணப்பம் போட்டிருக்கிறார்.

எனக்கு அந்த வேலையைச் செய்தது திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரி. இந்தப் பக்கம் போனால் ஊரில் தெரிந்துவிடும் என்று, களியக்காவிளையில் சிவப்பு பஸ் ஏறி அங்கே போனேன். டாக்டரைப் பார்க்கும் முன் ஒரு தாள். ஒன்பது கேள்வி, கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று மதிப்பெண், மொத்தம் இருபத்தேழு. தாள் மலையாளத்தில். சிஸ்டர் வாசிக்க, நான் தமிழில் பதில் சொல்ல, அவர் வட்டம் போட்டார். முதல் கேள்வியே, எதைச் செய்யவும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லையா என்பது. எவாக்ரியுஸின் பேய் வெள்ளைத் தாளில் வந்து நின்றிருக்கிறது. எனக்கு அப்போது தெரியவில்லை. எனக்கு வந்தது பதினேழு மதிப்பெண். டாக்டர் தாளைப் பார்த்தார், மாத்திரை எழுதினார், எட்டு நிமிஷம். மாத்திரை வேலை செய்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். தூக்கம் திரும்ப வந்தது. ஆனால் அப்பா எப்படிப் போனார் என்று அந்த எட்டு நிமிஷத்தில் யாரும் கேட்கவில்லை, கேட்பதற்குத் தாளில் இடமும் இல்லை. வெளியே பார்மஸி வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பாறசாலைக்காரர்தான் கேட்டார், "ஆர்க்கா சொகமில்லாத்தது?" எனக்குத்தான் என்றேன். "சாரமில்ல, மாறும்" என்றார். கட்டஞ்சாயா வாங்கிக் கொடுத்தார்.

அமெரிக்காவில் ஆன்டன் பாய்சன் என்ற போதகர் 1920-இல் மனநோய் ஆஸ்பத்திரியில் அடைக்கப்பட்டார். வெளியே வந்த பிறகு, 1925-இல் வூஸ்டர் மனநோய் ஆஸ்பத்திரிக்கு இறையியல் மாணவர்களைக் கூட்டிவந்து, நோயாளிகளோடு பழகவிட்டுப் பயிற்சி கொடுத்தார். புத்தகத்தைப் படிப்பதுபோல, உயிருள்ள மனித ஆவணங்களைப் படியுங்கள் என்றார். பார்த்துவிட்டு வந்து குறிப்பு எழுத வேண்டும். பாட்டா அவரைக் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. ஏழாம் வகுப்பு வரை படித்தவர். ஆனாலும் அந்த நோட்டை நான் இப்போது அப்படித்தான் பார்க்கிறேன். ஒருவருடைய பெயரையும் எழுதவில்லை, ஒருவருடைய பாவத்தையும் எழுதவில்லை. என்ன சொன்னார்கள் என்று எழுதாமல், "ஒன்றும் சொல்லவில்லை" என்று எழுதியவர்.

அத்தையிடம் ஒரு நாள், நாற்பத்துமூன்று வீட்டில் நம் வீடு எத்தனையாவது நம்பர் என்று கேட்டேன். அவள் மரச்சீனி தோலுரித்துக்கொண்டிருந்தாள். "நம்ம வீட்டுக்கு நம்பர் ஏது? ஊரெல்லாம் விசாரிச்சிட்டு ராத்திரி வருவாரு. அம்மை வெளக்க வச்சிட்டுக் காத்திருப்பா. வந்து ஜெபம் பண்ணிட்டுக் கெடந்திருவாரு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கத்தி நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

நோட்டு 1961-இல் பாதியில் நிற்கிறது. அதற்கப்புறம் வேறு நோட்டு வாங்கியிருப்பார். மிச்சம் வெறும் பக்கங்கள் என்று நினைத்து நான் புரட்டவே இல்லை. ஒரு நாள் மகள் அதில் படம் வரைகிறேன் என்று எடுத்துப்போய், "இதுல யாரோ எழுதியிருக்காங்கப்பா" என்று கொண்டுவந்தாள். கடைசிப் பக்கங்களில் பென்சில் எழுத்து; பாட்டாவுடையது அல்ல. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கி. 1986. பாட்டாவுக்கு ஒரு பக்கம் விழுந்துபோய் எட்டு மாதம் கட்டிலில் கிடந்த வருஷம். நான் அப்போது ஹாஸ்டலில் இருந்தேன். பாட்டிக்கு எழுதத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. பைபிள் உமன் ஒருத்தி சாயங்காலங்களில் வந்து படித்துக்கொடுத்தாளாம். அத்தைக்கே அரைகுறை ஞாபகம்.

பாட்டி எங்கள் வீட்டுக்கு நம்பர் போட்டிருந்தாள்.

"44. கஞ்சி ரண்டு கரண்டி குடிச்சார்."

"44. ஐயர் வந்தார். ஜெபம் பண்ணினார். போனார்."

"44. இண்ணு ஒருத்தரும் வரல்ல."

"44. இண்ணும் வரல்ல."

கடைசியாக ஒன்று. தேதி போடவில்லை.

"44. 19லெ மூத்தவ வந்தா. ஒண்ணும் கேக்கல்ல. எங்கூட கொறே நேரம் இருந்தா."